ஒரு இன்னிங்ஸ் கையும் ஆறு இன்னிங்ஸ் கணக்கும்

2012 வசந்தகாலப் பயிற்சி முகாமில் அமெரிக்க பேஸ்பால் அணிகள் நான்குக்கு ஒரே ஆசை வந்தது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் கிறிஸ் சேலையும், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் நெஃப்டாலி ஃபெலிஸையும், பாஸ்டன் ரெட் சாக்ஸ் டேனியல் பார்டையும், சின்சினாட்டி ரெட்ஸ் அரோல்டிஸ் சாப்மனையும் ரிலீவர் வேலையிலிருந்து எடுத்து ஸ்டார்ட்டர் ஆக்கப் பார்த்தன. நால்வரும் இருபதுகளில் இருந்தவர்கள். நால்வருக்கும் அசுர வேகம். சேல் அந்த ஆண்டு 17 ஆட்டங்களை வென்று, இன்றுவரை நீளும் பெரும் வாழ்வைத் தொடங்கினார். ஃபெலிஸ் ஏழு ஆட்டங்களைத் தொடங்கிய பிறகு முழங்கை போய், ஆகஸ்டில் முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் படுத்தார். பார்டின் கதை இன்னும் மோசம். பிறகு அதற்கு வருகிறேன். சாப்மனின் விஷயத்தில் முடிவே எட்டப்படவில்லை. அணியின் க்ளோசர் ரயன் மாட்சன் காயமடைய, சாப்மனைப் பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். அவர் 38 சேவ் எடுத்தார்; மறு ஆண்டும் ஸ்டார்ட்டர் பேச்சு எழுந்து அடங்கியது.

பழக்கமில்லாதவர்களுக்கு: ஸ்டார்ட்டர் என்பவர் ஆட்டத்தைத் தொடங்கி ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வீசிவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுப்பவர். ரிலீவர் நடுவிலோ கடைசியிலோ வந்து, பெரும்பாலும் ஒரே இன்னிங்ஸ் வீசி, மூன்று பேரை அவுட்டாக்கிவிட்டுப் போகிறவர். கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பவர் க்ளோசர்; அப்படிக் காத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. டி20-யில் நான்கு ஓவர் போடுகிறவரிடம் டெஸ்டில் ஒரு நாளைக்கு இருபது ஓவர் கேட்பது போன்ற மாற்றம் இது. பும்ராவுக்கு வாய்த்தது என்பதால் எல்லாருக்கும் வாய்க்கும் என்று கிரிக்கெட்டில் யாரும் நினைப்பதில்லை. பேஸ்பாலில் நினைக்கிறார்கள்.

அதற்குக் காரணம் கணக்கு. ஒரு சீசனில் 162 ஆட்டம், ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். நல்ல ரிலீவர் அதில் 65, 70 இன்னிங்ஸ் தருவார். நல்ல ஸ்டார்ட்டர் 180 தருவார். ஒரே கை மூன்று மடங்கு வேலை செய்யும் என்றால் எந்த மேலாளருக்குத்தான் நாக்கில் நீர் ஊறாது? சந்தையில் ஸ்டார்ட்டருக்கு விலை அதிகம். ரிலீவரை மலிவாக வாங்கி ஸ்டார்ட்டராக்கினால் கொள்ளை லாபம். சேத் லூகோ இதற்கு நல்ல சாட்சி. மெட்ஸில் பல ஆண்டு ரிலீவராக இருந்தவரை 2023-இல் சான் டியேகோ ஸ்டார்ட்டராக்கியது. மறு ஆண்டு கன்சாஸ் சிட்டி மூன்று ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து வாங்க, 34 வயதில் 206 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன் மட்டுமே கொடுத்து, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார்.

ஆனால் ரிலீவராக எடுத்த எண்களை அப்படியே மூன்றால் பெருக்க முடியாது. ரிலீவர் இருபது பந்தில் தன் முழு வேகத்தையும் கொட்டிவிடலாம். ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் என இரண்டு ஆயுதம் போதும். பேட்டர் அவரை அன்று ஒரு முறைதான் பார்க்கிறார். ஸ்டார்ட்டரோ அதே ஒன்பது பேரை இரண்டாம் முறை, மூன்றாம் முறை சந்திக்கிறார். மூன்றாம் சுற்றில் பேட்டர்கள் தெளிவாகக் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது பேஸ்பால் புள்ளியியலில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி. எதிர்க்கை பேட்டரை ஏமாற்ற சேஞ்சப் போன்ற மூன்றாவது பந்து வேண்டும். நூறு பந்து வீச வேண்டியவர் வேகத்தைச் சேமித்துத்தான் ஆக வேண்டும். ரிலீவராக ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.50 ரன் கொடுத்தவரிடம் ஸ்டார்ட்டராக 3.50-ஐ எதிர்பார்ப்பது நியாயமான கைக்கணக்கு. அதுவும் நல்ல சரக்குதான். ஆனால் விசிறிகள் எதிர்பார்ப்பது 2.50-ஐ.

இந்த மாற்றத்தில் அணிகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இவர் ரிலீவராக எவ்வளவு நன்றாக வீசினார்' என்பதல்ல. 'இவர் முதலில் எதற்காக ரிலீவர் ஆனார், அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா' என்பதுதான். பெரிய லீக் ரிலீவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் ஸ்டார்ட்டர்கள். யாரும் பள்ளியில் 'நான் ஏழாவது இன்னிங்ஸ் ஆளாக வருவேன்' என்று கனவு காண்பதில்லை. ஏதோ ஒன்று அவர்களை அங்கே தள்ளியிருக்கிறது.

ஆடம் வெயின்ரைட்டைத் தள்ளியது இடப் பற்றாக்குறை. செயின்ட் லூயிஸில் 2006-இல் ஸ்டார்ட்டர் இடம் காலியில்லை. அக்டோபரில் அவரே க்ளோசராக உலகத் தொடரை முடித்துவைத்தார். மறு ஆண்டு ஸ்டார்ட்டராகி 202 இன்னிங்ஸ் வீசினார். சி.ஜே. வில்சனைத் தள்ளியது முழங்கை அறுவை சிகிச்சை. லூகோவைத் தள்ளியதும் முழங்கைத் தசைநார்க் காயம். காரணம் உடம்பிலோ அணிப் பட்டியலிலோ இருந்தது, கைத்திறனில் அல்ல. அது நீங்கியதும் பழைய ஸ்டார்ட்டர் வெளியே வந்தார். சரியாகச் சொன்னால் இவர்களை யாரும் மாற்றவில்லை, திருப்பி அனுப்பினார்கள்.

பார்டின் கோப்பில் எழுதியிருந்தது வேறு. 2007-இல் கீழ் லீக்கில் ஸ்டார்ட்டராக 75 இன்னிங்ஸ் வீசி 78 பேருக்கு 'வாக்' (இலக்கு தவறிய நான்கு பந்துகளால் இலவசமாக முதல் தளம்) கொடுத்தவர் அவர். ஸ்ட்ரைக் பகுதிக்குள் பந்தைப் போட முடியவில்லை. ரிலீவராக்கிய பிறகுதான் அந்தக் கை ஒழுங்குக்கு வந்தது. 2010-இல் பாஸ்டனுக்காக ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.93 ரன் என்ற அருமையான எண் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, நோய் குணமாகிவிட்டது என்று நம்பி, நோய் வந்த இடத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஜூன் 3, டொரான்டோ: ஐந்து பேரை அவுட்டாக்குவதற்குள் ஆறு வாக், இரண்டு பேர் மேல் பந்து பட்டது. அவர் தொடங்கிய பத்தாவது ஆட்டம் அது. உடனே பாடக்கட் கீழ் அணிக்கு ரிலீவராக அனுப்பினார்கள். ஆனால் போன இலக்கு திரும்பவில்லை. 2013-க்குப் பிறகு பெரிய லீக்கில் காணவேயில்லை. 2017-இல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். 2020-இல் கொலராடோவில் ரிலீவராகவே மீண்டு வந்து, மறுவருகை வீரர் விருது வாங்கியது பேஸ்பாலின் நல்ல கதைகளில் ஒன்று. அந்தக் கதை தேவைப்பட்டிருக்கவே கூடாது என்பது என் கட்சி. மாற்றம்தான் அவரைக் கெடுத்தது என்று நிரூபிக்க முடியாது என்பார்கள்; 2011 செப்டம்பரிலேயே அவர் தடுமாறத் தொடங்கியிருந்தது உண்மை. ஆனால் தடுமாறுகிறவர் தலையில் மூன்று மடங்கு சுமையை ஏற்றுவது என்ன வைத்தியம்?

என் வாதத்துக்கு எதிரான சாட்சி க்ளே ஹோம்ஸ். பிட்ஸ்பர்கில் அவரைத் தள்ளியதும் கட்டுப்பாடின்மைதான். யாங்கீஸில் க்ளோசராகி, 2025-இல் மெட்ஸில் ஸ்டார்ட்டராக 31 ஆட்டங்களைத் தொடங்கினார், முடிவு கௌரவமானது. ஆனால் இடையில் அவர் வெறுமனே நம்பிக்கையைச் சேர்க்கவில்லை. சிங்கர், ஸ்லைடர் என்று மட்டும் வீசியவர், புதுவகைச் சேஞ்சப் ஒன்றைக் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டு வந்தார். தள்ளிய காரணத்தைக் கையோடு சரிசெய்துவிட்டுத்தான் வாசலில் நின்றார்.

இந்த ஆசை புதிதும் அல்ல. 1975-இல் அமெரிக்கன் லீகிலேயே அதிக சேவ் எடுத்த கூஸ் காசேஜை, மறு ஆண்டு இதே ஒயிட் சாக்ஸ் ஸ்டார்ட்டராக்கியது; 9 வெற்றி, 17 தோல்வி. 1977-இல் பிட்ஸ்பர்க் அவரை ரிலீவராக்க, எண் 1.62-க்கு இறங்கியது. ரிலீவராகவே புகழ் மண்டபத்துக்கும் போனார். ஆனால் அதே சிகாகோவில் 1971-இல் வில்பர் வுட் என்ற ரிலீவர் ஸ்டார்ட்டராகி 334 இன்னிங்ஸ் வீசினார். அவருடையது நக்கில்பால், வேகமே இல்லாத பந்து கையை வருத்தாது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

சுமை விஷயத்தில் அணிகள் இன்னும் இருட்டில்தான் தடவுகின்றன. யாங்கீஸ் 2008 ஜூனில் ஜோபா சேம்பர்லெயினைச் சீசன் நடுவிலேயே ஸ்டார்ட்டராக்கியது. முதல் ஆட்டத்தில் 62 பந்து, மூன்று இன்னிங்ஸ்கூட முடியவில்லை. ஆகஸ்டில் தோள்பட்டைக் காயம். அடுத்த ஆண்டு இன்னிங்ஸ் வரம்பு என்று சொல்லி நன்றாக வீசும்போதே வெளியே இழுத்தார்கள். 2010-இல் மீண்டும் ரிலீவர். அங்குமிங்கும் ஆட்டி வைத்ததில் அவர் இரண்டில் எதுவாகவும் ஆகவில்லை. இதிலிருந்து எனக்குத் தெரியும் ஒரே உறுதியான பாடம், முடிவை நவம்பரில் எடு, ஜூனில் எடுக்காதே என்பது. சேலையே 2012 மே மாதம் முழங்கை வலி என்று பயந்து க்ளோசராக்கினார்கள். அவர் ஒப்பவில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் சில நாளில் திரும்பினார். அந்த மாதக் கடைசியில் டாம்பா பே அணியின் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

ரிலீவராக வைத்திருந்தால் கை பிழைக்கும் என்ற எதிர்வாதத்தையும் நான் முழுதாக நம்பவில்லை. காரெட் குரோஷேவுக்கு 2022-இல் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் ரிலீவர்தான். 2023-இல் பெரிய லீகில் 13 இன்னிங்ஸ்கூட வீசாதவரை ஒயிட் சாக்ஸ் 2024-இல் ஸ்டார்ட்டராக்க, அவர் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அணி 121 ஆட்டம் தோற்ற வருடம் அது. ஜூலைக்குப் பிறகு ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸுக்கு மேல் விடவில்லை. அது நல்ல நிதானம். அந்த ஜூலையில்தான் அவரை வாங்கப் பல அணிகள் மொய்த்தன. ஒப்பந்தத்தை நீட்டித்துத் தந்தால் மட்டுமே வழக்கமான சீசன் முடிந்து நடக்கும் அக்டோபர் ஆட்டங்களில் வீசுவேன் என்று குரோஷே தரப்பு சொன்னதாகச் செய்தி வந்தது. சுயநலம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். மூன்று மடங்கு இன்னிங்ஸில் வரும் லாபம் அணிக்கு, தசைநார் கிழிந்தால் நட்டம் அவருக்கு என்ற ஏற்பாட்டில், கையின் சொந்தக்காரர் முன்கூட்டியே விலை பேசுவதில் எனக்குத் தவறு தெரியவில்லை. டிசம்பரில் அவரை வாங்கிய பாஸ்டன், மறு சீசன் தொடக்கத்தில் ஆறு ஆண்டுக்கு 17 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டது. அந்த ஆண்டு அவர் வீசியது 205 இன்னிங்ஸ்.