கடற்கோட்டையும் கரைக்கோட்டையும்

ஊர்காவற்றுறைத் துறையில் நின்று காரைநகர்ப் பக்கமாக நோக்குவார்க்கு நீரினின்றும் நேரே எழுந்தாற்போன்ற கோட்டையொன்று தோன்றும். போர்த்துக்கேயர் கட்ட, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை அது. இலங்கைத் தீவைப் பன்றித்தொடை வடிவினதாகக் கண்ட ஒல்லாந்தர், அத்தொடையின் குதிகால் எனப் பொருள்படும் ஹமன்ஹீல் என்னும் பெயரை இதற்கு இட்டனர். உணவு மேசையை எங்கும் மறவாத மக்கள் போலும்! நின்ற இடத்தினின்றும் திரும்பினால் கரையிலும் ஒரு கோட்டை உண்டு. ஆயின், அதனைத் தேடியே காணல் வேண்டும். உருண்டிக்கோட்டை என ஊரார் வழங்கும் அது, முட்பற்றைக்குள் மறைந்த இடிசுவர்களாய்க் கிடக்கின்றது. இரண்டும் போர்த்துக்கேயர் எழுப்பியவை; இரண்டும் ஒரே துறையைக் காக்கப் பிறந்தவை. ஒன்று வாழ, ஒன்று மாய்வது எதனால் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

கடற்கோட்டை பிழைத்தமைக்குக் காரணம் வெளிப்படை. அது ஒருநாளும் ஆளின்றிக் கிடந்ததில்லை எனலாம். ஒல்லாந்தருக்குக் காவலரணாகவும், பின்னர்ச் சிறையாகவும் பயன்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பிடிபட்டோரும் அங்கு அடைக்கப்பட்டனர். போர் முடிந்தபின் கடற்படையினர் அதனை விருந்தினர் விடுதியாக்கினர். ஆள் வாழும் வீட்டிற் கறையான் ஏறாது என்பது நம்மூர் வழக்கு. அவ்வகையிற் கடற்படையினரின் பணியைக் குறைகூறல் பொருந்தாது. ஆயினும், கடற்படையின் பணமும் திறைசேரிப் பணமே. பொதுப்பணத்தாற் காக்கப்படும் ஒரு சின்னத்தை விடுதியின் ஒழுங்குக்கு உட்பட்ட விருந்தினராகவே காணவேண்டியிருப்பின், அது எவ்வளவிற்குப் பொதுவானது? 1658ஆம் ஆண்டு முற்றுகையின்போது நீர்த்தொட்டி சிதைந்தமையால், குடிக்க நீரின்றியே உள்ளிருந்தோர் சரணடைந்தனர் என அக்காலத்து ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ் எழுதிய நூலால் அறிகின்றோம். வரலாறு பயிலும் மாணவன் அங்கே முதலிற் காணவேண்டியது நீர் தேக்கிய இடத்தையன்றோ? உணவுச்சாலையை அன்று.

கரைக்கோட்டைக்கு விடுதியாகும் தகுதி இல்லை. ஆதலாற் கேட்பாரும் இல்லை. இதன் வேர் எங்குளது எனின், நிதி திரட்டும் முறையில் உளது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் பழஞ்சின்னங்களை இடிப்பாரைத் தண்டிக்கும். தாமே இடிந்து விழுவனவற்றுக்கு அது பணம் தாராது. அக்குறையை நிரப்ப 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் மத்திய கலாசார நிதியம் அமைக்கப்பட்டது. சிகிரியா, பொலநறுவை முதலிய இடங்களில் வெளிநாட்டார் வாங்கும் நுழைவுச்சீட்டே அந்நிதியத்தின் பெருவருவாய். சீட்டு விற்கும் இடம் செழிக்கும். செழித்த இடத்திற்கு மேலும் ஆள் வரும். சீட்டு விற்க இயலாத உருண்டிக்கோட்டையோ, நெடுந்தீவுக் கோட்டையோ அவ்வட்டத்துள் நுழைவது எங்ஙனம்? 2019ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புக்களும், மறு ஆண்டுப் பெருந்தொற்றும் பயணிகள் வரவைக் குறைத்தபோது, செழித்த இடங்களுமே நலிந்தன. பயணியை நம்பிய பாதுகாப்பு பயணியோடு போய்விடும் என்பது அன்று தெளிவாயிற்று.

இனி, பணம் கிடைத்த இடத்து நடந்தது யாது? யாழ்ப்பாணக் கோட்டை நெதர்லாந்து அரசின் உதவியுடன் போருக்குப்பின் திருத்தப்பட்டது. கட்டியவர் வழியினரே திருத்தவும் பணம் தந்தமை பாராட்டத்தக்கது. தரங்கம்பாடிக் கோட்டைக்கு டென்மார்க்கினர் உதவியதும் இத்தகையதே. ஆயின், கோட்டையின் மதில்மேல் நடந்தபோது பழைய கல் எது, புதிய கல் எது என என் கண்ணுக்குப் புலப்படவில்லை. மாற்றிவைத்த பகுதி மூலத்தினின்றும் வேறெனத் தெரிதல் வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் விதி. அதே கோட்டையுள், 1706ஆம் ஆண்டில் எழுந்து 1990ஆம் ஆண்டு முற்றுகையில் அழிந்த ஒல்லாந்தர் தேவாலயம் கற்குவியலாய்க் கிடக்கின்றது. மதிலைப் பார்ப்பவன் ஒன்றும் நடக்கவில்லை என்பான். தேவாலயத்தைப் பார்ப்பவன் நடந்ததை அறிவான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெண்சுவர்களை நோக்கும்போதும் இவ்வையமே எழுகின்றது. 1981ஆம் ஆண்டு எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களின் சுவடு அவ்வெண்மையில் எங்கே? நூலகம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. தீயின் கரி படிந்த ஒரு சுவரையேனும் விட்டிருக்கலாம்.

அந்நியர் கட்டிய அரண்களுக்கு நம் வரிப்பணம் எதற்கு என வினவுவாரும் உளர். நல்லூர்க் கோயிலை இடித்த கல்லைக்கொண்டு கட்டியதன்றோ என்பர். அவர் மனவேதனை நியாயமானது. முடிவு தான் பிழையானது. சோழன் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத்துண்டு ஒன்று யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்தே கிடைத்தது. பகைவன் சுவரே நம் சாசனத்துக்குப் பேழையாயிற்று. அன்றியும், அம்மதில்களின் முருகைக்கல் நம் கடற்கல். அதனைச் சுமந்தவை ஊழியம் என்னும் பெயராற் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்ட நம்மவர் தோள்கள். உருண்டிக்கோட்டையின் சுவருள் யாது உளது என்பதைச் சுவர் நிற்கும்வரை தேடலாம்.

பொதுப்பணத்தைப் பங்கிடும் முறைக்கு இத்தீவகத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டில், முதலாம் பராக்கிரமபாகு ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பாதுகாக்குமாறு ஆணையிடுகின்றான். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடையின் காற்கூறு பண்டாரத்துக்கு, முக்காற்கூறு உடையவனுக்கு. வேறு வாணிபச் சரக்காயின் பாதிக்குப் பாதி என வகுத்தான். எட்டு நூற்றாண்டுக்கு முன்னர் உடைந்த கலத்தின் பங்கைக் கல்லிற் பொறித்த துறை இது. சின்னங்கள் ஈட்டும் வருவாயிலும் ஈட்டாத சின்னங்களுக்கு இன்ன கூறு எனச் சட்டத்திலேயே வகுத்தல் அரிதன்று. பிரதேச சபைக்கும் அதிற் சிறு பங்கு வேண்டும். பற்றை வளர்வது முதலில் அதன் கண்ணுக்கே தெரியும்.

உருண்டிக்கோட்டைக்கு இன்று வேண்டுவது மீளக்கட்டல் அன்று. கடலில் முருகைக்கல் அகழ்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருத்தலின் அதற்குக் கல்லும் எளிதிற் கிட்டாது. பற்றையை வெட்டி, சுவர்ப்பிளவிற் புகுந்த வேர்களைச் சுவர் பெயராவண்ணம் அறுத்து, மழைநீர் இறங்காதபடி தலைப்பிற் சுண்ணச்சாந்து பூசி, நின்ற அளவில் நிற்கச் செய்தல் போதும். அதற்கு முன் சுவர்களை அளந்து படம் வரைதல் வேண்டும். திணைக்களத்தின் அனுமதியும் அதன் அலுவலர் ஒருவரின் மேற்பார்வையும் கிடைப்பின், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நம் உயர்வகுப்பு மாணவர் உளர். மாரி தொடங்குமுன் அவ்வேலையை முடித்துவிடலாம்.