சமகால ஜெர்மன் கவிதையைத் தமிழாக்குதல்

ஜெர்மன் மொழிக் கவிதை என்பது ஜெர்மனி நாட்டின் கவிதை மட்டுமன்று. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளிலும், ருமேனியாவின் சில பகுதிகளிலும் பிறந்தவர்கள் அம்மொழியில் எழுதியுள்ளனர். தமிழ் வாசகருக்கு இக்கவிதை பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்து சேர்ந்துள்ளது. உரைநடையில் நேரடி முயற்சிகள் உண்டு. காஃப்காவின் ‘விசாரணை’ நாவலை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே தமிழாக்கினார். கவிதையில் அத்தகைய முயற்சி அரிது.

ஆங்கில வழியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பிரம்மராஜன் ‘மீட்சி’ இதழின் மூலமும் மொழிபெயர்ப்புகளின் மூலமும் 1980களில் பிரெக்ட் போன்றோரைத் தமிழ் வாசகருக்குக் கொண்டுவந்தார். பிரெக்டின் கவிதை நேர்ப்பேச்சு. வாதமும் எள்ளலும் அதன் உயிர். அவை இரண்டு மொழிகளைக் கடந்த பிறகும் பெருமளவு பிழைத்துக்கொள்கின்றன. எல்லாக் கவிஞருக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

ஆங்கில வழியில் வரும்போது, ஜெர்மனும் தமிழும் பொதுவாகக் கொண்டுள்ள சில இயல்புகள் நடுவழியில் உதிர்ந்துபோகின்றன. முதலாவது, முன்னிலைச் சொல். ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’ என இரண்டு உண்டு. தமிழில் நீ, நீங்கள். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ரில்கே 1905இல் வெளியிட்ட பிரார்த்தனை வேளைகளின் நூலில் கடவுளை ‘டூ’ என்றே அழைக்கிறார். தேவாரமும் திருவாசகமும் படித்த தமிழருக்கு இறைவனை ஒருமையில் விளிப்பது புதிதன்று. ஆனால் ஆங்கிலப் பிரதியை மட்டும் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் அங்கே மரியாதைப் பன்மையைப் போட்டுவிட இடமிருக்கிறது. நெருக்கம் அத்தோடு போயிற்று.

இரண்டாவது, வினையின் இடம். ஜெர்மன் துணைவாக்கியங்களில் வினை கடைசியில் நிற்கும். தமிழிலும் அப்படித்தான். ‘அவன் கதவை’ என்று ஓர் அடி முடிந்தால், திறந்தானா சாத்தினானா என்பதற்கு அடுத்த அடி வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் வினையை முன்னே இழுத்துவிடுவதால் அந்தக் காத்திருப்பு கலைகிறது.

மூன்றாவது, கூட்டுச்சொல். பால் செலான் (1920–1970) இதற்குத் தக்க சான்று. இன்று உக்ரைனில் உள்ள செர்னோவிட்ஸ் நகரில், அது ருமேனியாவுடன் இருந்த காலத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோரை நாஜி ஆட்சிக்குப் பலிகொடுத்தவர். தாய் கற்றுத்தந்த மொழியே தாயைக் கொன்றவர்களின் மொழியாகவும் இருந்தது. அவருடைய ‘மரண ஃபியூக்’ முதலில் அச்சேறியது ஜெர்மனில் அன்று. 1947இல் ருமேனிய மொழிபெயர்ப்பாக, ‘மரண டாங்கோ’ என்னும் தலைப்பில். 1959இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் ‘ஷ்ப்ராஹ்கிட்டர்’. மொழி, கிராதி என்னும் இரு சொற்கள் ஒட்டிய ஒரே சொல். கன்னிமாடத்தில் துறவியர் வெளியாருடன் பேசும் கம்பித் தடுப்பையும் அது நினைவூட்டும். ஆங்கிலத்தில் அது இரு சொற்களாக உடைகிறது. தமிழில் ‘மொழிக்கிராதி’ என்று தொகையாகவே சொல்லிவிடலாம்.

கிராதிக்குத் தென்தமிழ்நாட்டில் ‘அழி’ என்றும் பெயர். அழி பாய்ச்சிய திண்ணைகளைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். ‘சொல்லழி’ என்று மொழிபெயர்த்தால் தடுப்பு, அழிவு என்னும் இரு பொருளும் சேர்ந்து ஒலிக்கும். செலானுக்கு இது மிகப் பொருத்தம் போலத் தோன்றும். ஆயினும் அந்த இரண்டாவது பொருள் மூலச்சொல்லில் இல்லை. தமிழ் தானாகக் கொடுத்த பரிசை ஏற்பதா மறுப்பதா என்பதில்தான் மொழிபெயர்ப்பாளரின் நேர்மை தெரியவரும். இங்கே மறுப்பதே சரி.

இதற்கு மாறான நிலையை யான் வாக்னரிடம் பார்க்கலாம். 1971இல் ஹாம்பர்க்கில் பிறந்த இவர், மழைநீர்ப் பீப்பாயைத் தலைப்பில் கொண்ட 2014ஆம் ஆண்டுத் தொகுப்புக்காக லைப்சிக் புத்தகக் கண்காட்சிப் பரிசையும், 2017இல் பூக்னர் பரிசையும் பெற்றார். அப்பீப்பாய் ஜெர்மன் வீட்டுத் தோட்டத்தில் கூரைக் குழாயின் கீழே அமைதியாக நிற்பது. தாம்பரத்தில், குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில், மழையும் டிரம்மும் வேறு நினைவுகளைக் கிளப்பும். வெள்ளம் ஒரு பருவம், லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது மறு பருவம். ‘டிரம்’ என்று எழுதினால் பொருள் கண்முன் நிற்கும், அமைதி போய்விடும். ‘பீப்பாய்’ சற்று அந்நியமானது. இவ்விடத்தில் அந்த அந்நியம் தேவைப்படுகிறது.

அதே தொகுப்பில் ‘கீர்ஷ்’ என்னும் களையைப் பற்றிய கவிதை உள்ளது. அச்சொல்லுக்குள் ‘கீர்’, அதாவது பேராசை, ஒளிந்திருக்கிறது. மண்ணுக்கடியில் வேர்த்தண்டு ஓட்டித் தோட்டத்தையே விழுங்கும் செடி. அகராதியைப் பார்த்து ஐரோப்பியச் செடியின் பெயரை ஒலிபெயர்த்தால் தாவரம் வரும், கவிதை வராது. தமிழில் ‘கோரை’ இருக்கிறது. அதுவும் மண்ணுக்கடியில் கிழங்கு விட்டுப் பரவுவது, பிடுங்கப் பிடுங்க முளைப்பது. அச்சொல்லுக்குள் ‘கோர’ என்னும் ஒலியும் கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருத்தல். ‘சொல்லழி’யை மறுத்துவிட்டுக் ‘கோரை’யை ஏற்பது முரணாகத் தோன்றலாம். அங்கே மூலத்தில் இல்லாத சிலேடை நுழைந்தது. இங்கே மூலத்தில் உள்ள சிலேடைக்கு ஈடு கிடைக்கிறது. வாக்னர் எல்லாச் சொற்களையும் சிறிய எழுத்தில் எழுதுவதற்கு மட்டும் தமிழில் வழியே இல்லை. பெயர்ச்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது ஜெர்மன் இலக்கண விதி. அந்த மீறலைக் காட்டத் தமிழில் பெரிய எழுத்து ஏது?

பெர்லினில் உருவான ‘வெர்ஸ்ஷ்முக்கல்’, அதாவது ‘கவிதைக் கடத்தல்’, என்னும் முறையில் இரு கவிஞர்கள் நேருக்கு நேர் அமர்கின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்த வரைவும் ஒரு துபாஷியும் நடுவில். கோதே நிறுவனம் 2015–16இல் தெற்காசிய மொழிகளில் இதை நடத்தியபோது தமிழும் இடம்பெற்றது. நல்ல முறைதான். ஆனால் துபாஷி எழுந்து போனபின் அறிவும் அவரோடு போய்விடுகிறது.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி, கோதே நிறுவனத்தில் ஜெர்மன் படிப்பவர்களுள் பலருக்கு நோக்கம் மேற்படிப்பு, வேலை, விசா. அதில் தவறில்லை. ஆனால் ‘டூ’வையும் ‘ஸீ’யையும் முதல் மாதத்திலேயே பிரித்தறியும் அவர்களிடம், ஆங்கிலம் மட்டும் அறிந்த தேர்ந்த மொழிபெயர்ப்பாளரிடம் இல்லாத ஒரு திறவுகோல் இருக்கிறது. இடைநிலைத் தேர்வு முடித்த ஒருவர் அகராதியுடன் வாக்னரின் குறுங்கவிதை ஒன்றைப் படித்துவிட முடியும். 1999இல் தொடங்கிய ‘லிரிக்லைன்’ ஒலித்தொகுப்பில் கவிஞர்களின் குரலிலேயே கவிதைகளைக் கேட்கலாம். வாக்னரின் குரலும் அங்கே உண்டு. தாம்பரம் முதல் நுங்கம்பாக்கம் வரையிலான பயணத்துக்குள் ஒரே கவிதையைப் பலமுறை கேட்டுவிடலாம்.