ஆள்புலமும் ஆளாப் புலமும்

அரசு ஒன்று தனக்கு உரியதெனச் சாற்றும் நிலத்துக்கும், அதன் ஆணை உண்மையிற் செல்லும் நிலத்துக்கும் இடையே வேறுபாடு நேருமாயின், அதனைச் சட்டம் எச்சொல்லாற் குறிப்பது? இவ்வினாவுக்கு 1937 ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பு அளித்த விடை ஊன்றி நோக்கத்தக்கது.

அதன் இரண்டாம் உறுப்புரை தீவு முழுவதையும், அதனைச் சார்ந்த சிறு தீவுகளையும் கடற்பரப்பையும் தேசிய ஆள்புலம் என வரையறுத்தது. ஆயின், டப்ளின் அரசின் ஆணை 26 கவுண்டிகளிலேயே சென்றது; வட அயர்லாந்தின் 6 கவுண்டிகளும் பிரித்தானிய ஆட்சியில் இருந்தன. மூன்றாம் உறுப்புரை இவ்வுண்மையை ஒப்புக்கொண்ட முறை வியப்புக்குரியது. "நாம் ஆளும் பகுதி" என்று அது கூறவில்லை, கவுண்டிகளை எண்ணவுமில்லை. ஆள்புலம் மீள ஒன்றிணையும்வரை, முழுத்தீவின் மீதுமுள்ள நியாயாதிக்க உரிமைக்கு ஊறு நேராவண்ணம், முன்னிருந்த சுதந்திர அரசின் சட்டங்கள் சென்ற பரப்பிலேயே புதிய சட்டங்களும் செல்லும் என்றது. எல்லையைப் பெயரிட்டால் அதனை ஏற்றதாய் முடியும்; ஆதலின், மறைந்த அரசொன்றின் சட்டத்தைச் சுட்டிக்காட்டி அமைந்தது.

இங்கே தமிழாக்கம் இடருறுகின்றது. இலங்கையின் அரசியலமைப்புத் தமிழில் வழங்கும் "ஆள்புலம்" நல்ல சொல்லே. யானும் மேலே அதனையே எடுத்தாண்டேன். ஆயின், ஆளாத நிலத்துக்கு அது பொருந்துமாறு எங்ஙனம்? வினைத்தொகை முக்காலமும் கொள்ளுமாதலின் இனி ஆளவிருக்கும் புலம் எனலாமே என்பார் உளர். அஃது இலக்கணத்தைக் கொண்டு சட்டத்தைக் காக்கும் முயற்சியேயன்றி வேறன்று. இரண்டாம் உறுப்புரைக்குத் "தேசிய நிலப்பரப்பு" என்பதே நேரிது.

சொல்லின் இவ்வையம் நீதிமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. 1976 இல் அயர்லாந்து உயர் நீதிமன்றம் இவ்வுரிமைக் கூற்று அரசியல் நெறியைச் சார்ந்தது, சட்ட நெறியைச் சார்ந்ததன்று எனக் கொண்டது. 1990 இல், மக்கிம்ப்சி வழக்கில், அதே மன்றம் அதனைச் சட்ட உரிமைக் கூற்றெனவே தீர்த்தது. பின்னைய உரையே மூலத்துக்கு இயைந்தது. அன்றேல் மூன்றாம் உறுப்புரையின் "உரிமைக்கு ஊறு நேராவண்ணம்" என்ற தொடர் வெற்றுரையாய்விடும்.

1998 இல் மக்கள் வாக்கெடுப்பால் ஏற்கப்பட்டு 1999 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் நில உரிமைக் கூற்றை நீக்கிற்று. இன்றைய இரண்டாம் உறுப்புரை நிலத்தைப் பற்றியதன்று. தீவிற் பிறந்தோர் அத்தேசத்தின் பகுதியாகும் உரிமையைப் பற்றியது. தீவின் இணைப்பும் இரு நியாயாதிக்கங்களினதும் பெரும்பான்மையோர் இசைவுக்கு உட்பட்டதாயிற்று. எனினும் சட்டம் செல்லும் எல்லை இன்றும் பெயரிடப்படவில்லை; 1937 க்கு முன்னிருந்த பாராளுமன்றத்தின் சட்டங்கள் எதுவரை சென்றனவோ அதுவரை என்றே புதிய மூன்றாம் உறுப்புரையும் கூறுகின்றது.