தண்ணீர் ஊற்றக் கூடாத ஜாடி

மார்கரெட் தஃபோயாவின் கறுப்பு ஜாடியை அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. நட்சத்திர விடுதியின் வரவேற்பறைக்காகச் செய்தது போல அப்படி ஒரு பளபளப்பு. போதாததற்கு, இந்த ஆழச் செதுக்கும் பாணி நியூ மெக்சிகோவின் சான்டா கிளாரா புவெப்லோவில் பரவலானதே 1920களுக்குப் பிறகுதான். ரயிலில் வந்த சுற்றுலாப் பயணிகள் உருவாக்கிய சந்தை அது. ‘பாரம்பரியம்னு சொல்லி விக்கிறாங்க, அவ்வளவுதான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

அது அவசர முடிவு.

மார்கரெட் (1904–2001) தன் அம்மா சாரா ஃபினாவிடம் கற்றவர். சக்கரம் கிடையாது. களிமண் திரிகளை வளையமாக அடுக்கி ஜாடியை எழுப்புவார். பாதி காய்ந்ததும் செதுக்கல். பிறகு மேட்டுப் பகுதிகளில் மண்குழம்பு பூசி, காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். பள்ளம் மங்கலாகவே இருக்கும். திறந்தவெளியில் சுடும்போது, பொடித்த குதிரைச் சாணத்தால் நெருப்பை மூடுவார்கள். காற்று அடைபட்டு, புகையின் கரி ஏறி மண் கறுக்கும். மூடாமல் விட்டால் அதே ஜாடி சிவப்பு. செதுக்குவதற்காகச் சுவரைத் தடிமனாக வைக்க வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் நெருப்பில் வெடிக்கும். மாதக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

பளபளப்பு கெடாமலிருக்கக் குறைந்த சூட்டில் சுடுகிறார்கள். அதனால் மண் நீரை உறிஞ்சும், மெருகு கெடும். ஆக, தண்ணீர் ஜாடியின் வடிவம், ஆனால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதன் தோளிலோ கரடிப் பாதம்: வறட்சியில் தண்ணீருக்கு வழிகாட்டியது கரடி என்பது அவர்கள் சொல்லும் கதை. உடலைச் சுற்றி அவன்யு என்கிற நீர்ப்பாம்பு.

எங்கள் தொழிலில், யாரும் கூப்பிடாத ஃபங்ஷனை டெலீட் பண்ணிவிடுவோம். இங்கே பயன் போன பிறகும் தண்ணீரின் ஞாபகத்தை அம்மா மகளுக்குக் கொடுத்திருக்கிறார். வறண்ட நிலத்தில் அது அலங்காரம் ஆகாது. வாங்குபவர் மாறினார், ஜாடி எதைப் பற்றியது என்பது மாறவில்லை.

ஒரு மனக்குறை உண்டு. பேத்தி நான்சி யங்பிளட்டின் வரிவரியான முலாம்பழ ஜாடிகளில் துல்லியம் மலைக்க வைக்கிறது. அங்கே திறமைதான் முதலில் கண்ணில் படுகிறது. பாட்டியின் ஜாடி முன் நின்றால் முதலில் தாகம்தான் நினைவுக்கு வருகிறது. அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டியது இரண்டாவதுதான் என்பேன்.