உவமையும் உண்மையும்

அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் எழுத்தும் இலக்கியத்தின் ஒரு கிளையே. ஆதலின் அதனையும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

1995ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து அறிஞர்களான மிஷேல் மாயோரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றிவரும் கோளொன்றை அறிவித்தனர். அவர்கள் அதனைத் தொலைநோக்கியில் ‘கண்டனர்’ என எழுதுவோர் பலர். உண்மையில் அவர்கள் கோளைக் காணவேயில்லை. விண்மீனின் நிறமாலை நுட்பமாக இடம்பெயர்வதை அளந்தனர். அவ்விண்மீன் வினாடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதையும், அவ்வசைவு 4.2 நாட்களுக்கு ஒருமுறை மீள்வதையும் கணித்தனர். புகையைக் கொண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்றதே இது.

இவ்வேறுபாடு சொல்லளவில் சிறிது, விளைவில் பெரிது. 1963இல் பீட்டர் வான் டி காம்ப், பார்னார்டு விண்மீனுக்குக் கோள் உண்டென்றார். 1973இல் வேறோர் ஆய்வு அதனை மறுத்தது. தொலைநோக்கியில் செய்யப்பட்ட மாற்றங்களே அசைவாகத் தோன்றின எனப் பின்னர் தெளிவாயிற்று. ‘கண்டார்’ எனப் படித்தவர் அறிவியலையே ஐயுறுவார். ‘அளந்து உணர்ந்தார்’ எனப் படித்தவரோ, 2024இல் நுண்ணிய அளவைகள் அதே விண்மீனருகே வேறொரு சிறு கோளை உணர்த்தியதை மனமுவந்து ஏற்பார்.

வேதியியலிலும் இதே நிலைதான். சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், உமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு பெற்றுத்தந்தவை, உலோக அயனிகளை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளை உத்திரங்களாகவும் கொண்ட, அறைகள் நிறைந்த படிகங்கள். இவற்றை மாளிகை என்பது நல்ல உவமையே. யாகி 1999இல் அறிவித்த எம்.ஓ.எஃப்-5 என்னும் பொருளில், இரண்டொரு கிராமின் உட்பரப்பு ஒரு கால்பந்துத் திடலுக்கு நிகராகும். ஆனால், அறிஞரைக் கொத்தனார் என்னும்போது உவமை பிழைபடுகிறது. கொத்தனார் கல்லைக் கையால் அடுக்குகிறார். இங்கோ, பொருந்தும் வடிவுடையவற்றைத் தேர்ந்து கரைசலில் கலப்பது வரையே மனிதர் செயல். பின்னர் அவை தாமே இணைகின்றன. ராப்சன் 1989இல் வெளியிட்டது போன்ற தொடக்ககால அமைப்புகள் எளிதில் சிதைந்தன. அத்தோல்வியும் அதன்பின் வந்த பொறுமையும் கொத்தனார் கதையில் இடம்பெறா.

நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு அறிவியல் நூல் வாங்கும் பெற்றோர் வண்ணப் படங்களைக் கண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. ‘இதனை எவ்வாறு அறிந்தனர்?’ என்று பிள்ளை கேட்டால், அந்நூலில் விடை இருக்கிறதா என்று ஒரு பக்கத்தையாவது படித்துப் பார்த்து வாங்குதல் வேண்டும்.