விவாக நிலையும் உயிர்வாழ்வும்
மார்பகப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வு முடிபும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும்

கணவன் இருக்கையில் மனைவி இறந்துபோவதை ஒரு பேறாகக் கருதும் மனப்பாங்கு தமிழ்ச் சமூகத்தில் ஆழ வேரூன்றிய ஒன்றாகும். 'பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள்' என்று செத்தவீட்டிற் கூறப்படும் ஆறுதல் இம்மனப்பாங்கின் சுருக்கமான வெளிப்பாடு எனலாம். கைம்மை நோன்பினைக் கூறும் சங்கப் பாடல்கள் தொட்டு இன்றைய பேச்சுவழக்கு வரை, பெண்ணின் வாழ்வு அவளது விவாக நிலையைக் கொண்டே அளக்கப்பட்டு வந்துள்ளது. நவீன மருத்துவப் புள்ளிவிபரவியலும் புற்றுநோயுற்ற பெண்ணின் ஆயுளை இதே அளவுகோலால் அளக்க முற்பட்டுள்ளது. விவாகமான பெண்ணே நெடிது வாழ்கிறாள் என்பது அதன் முடிபு. மரபின் விருப்பமும் மருத்துவத்தின் முடிபும் நேர்மாறானவையாகத் தோன்றினும் அளவுகோல் ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்வளவுகோல் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இத்துறையிற் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் இரண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 27,779 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து குட்வினும் அவர்தம் குழுவினரும் 1987 இல் வெளியிட்டது முதலாவது. ஐசரும் பிறரும் 2013 இல் வெளியிட்டது இரண்டாவது. பின்னையது, 2004 முதல் 2008 வரை அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இடம்பெற்ற 734,889 பேரை எடுத்துக்கொண்டது. மார்பகப் புற்றுநோய் உட்படப் பத்து வகைப் புற்றுநோய்களை நோக்கியது. நோய் உடலெங்கும் பரவிய பின்னரே கண்டறியப்படும் வாய்ப்பு விவாகமானவரிடையே 17 சதவீதம் குறைவு. நோயைத் தீர்க்கவல்ல சிகிச்சையைப் பெறும் வாய்ப்பு 53 சதவீதம் கூடுதல். புற்றுநோயால் இறக்கும் அபாயம் 20 சதவீதம் குறைவு என்பன அதன் முடிபுகள்.

இம்முடிபுகளை எழுந்தமானமாகப் புறக்கணித்தல் பொருந்தாது. எனினும், இவற்றின் வரிசையிலேயே ஓர் உண்மை பொதிந்துள்ளது. நோய் வேளைக்குக் கண்டறியப்படுகிறது, சிகிச்சை முறையாகக் கிடைக்கிறது, ஆயுள் நீள்கிறது. இப்படிகளில் முதலிரண்டும் பெரிதும் மனிதர் கைப்பட்டவை. உடலில் நேர்ந்த மாற்றத்தைச் சொல்வதற்கு ஒருவர், 'வைத்தியசாலைக்குப் போவோம்' என்று வற்புறுத்துவதற்கு ஒருவர், கூடச் செல்வதற்கு ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு ஒருவர் வேண்டும். அமெரிக்கக் குடும்ப அமைப்பில் இவ்வனைத்தையும் பெரும்பாலும் வாழ்க்கைத் துணை ஒருவரே செய்ய நேர்கின்றது. எனவே விவாக நிலை என்ற சொல் அங்கே துணை என்பதற்கு ஒரு குறியீடாக நிற்கின்றது. குறியீட்டையே காரணமாகக் கொள்வதில்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது.

அமெரிக்கத் தரவுகளே இவ்வையத்திற்கு இடமளிக்கின்றன. ஐசர் குழுவினரின் ஆய்வின்படி விவாகத்தின் பயன் பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக இருந்தது. 2009 இல் கிளான்ஸ் முதலானோர் கடும் நோயுற்ற 515 பேரை ஆராய்ந்தபோது, நோயாளி பெண்ணாயின் 20.8 சதவீத விவாகங்களும், ஆணாயின் 2.9 சதவீத விவாகங்களும் முறிந்தமை தெரியவந்தது. நோயறியப்பட்ட நாளில் மனைவியாகப் பதியப்பட்டவள் சிகிச்சை முடியும்வரை துணையுடன் இருந்தாள் என்பதற்குப் பதிவேடு உத்தரவாதமன்று. 2006 இல் குரோங்கியும் பிறரும் மார்பகப் புற்றுநோயுற்ற 2,835 தாதியரை ஆராய்ந்து, சமூகத் தொடர்புகள் அற்றிருந்தோரிடையே அந்நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காய் இருந்தமையை எடுத்துக்காட்டினர். உறவினர், நண்பர், வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரின் பராமரிப்புக் கிட்டாமையே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

இனி மட்டக்களப்பை நோக்கலாம். வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவி வந்துள்ளது. குடி தாய்வழியாகவே பிள்ளைக்கு வருகின்றது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக அளிக்கப்படுகின்றன. கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்கின்றான். பிரித்தோ 1876 இல் தொகுத்து வெளியிட்ட முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையின் பழைய வடிவத்தைக் காட்டும். அச்சட்டம் வழக்கொழிந்த பின்னரும் வீடு பெண்வழிச் செல்லும் நடைமுறை நிலைபெற்றமையை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இதன் பயனாகத் தாயும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் பெண் தன் வீட்டை இழப்பதில்லை. தாயும் சகோதரியரும் அயலிலேயே இருப்பர்.

புற்றுநோய்ச் சிகிச்சையின் இயல்பை எண்ணினால் இவ்வமைப்பின் பெறுமதி புலனாகும். சத்திரசிகிச்சையோடு இது முடிவதில்லை. மருந்தேற்றுதல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கொரு முறையாக மாதக்கணக்கில் நீடிக்கும். கதிர்ச்சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள்களாகப் பல வாரங்கள் தொடரும். சிலவகை நோய்க்கு மாத்திரை ஐந்து ஆண்டுகளுக்கேனும் உட்கொள்ளப்படல் வேண்டும். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயினும் பயணத்திற்கும் இழந்த நாட்கூலிக்கும் விலையுண்டு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அத்துறையிற் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். மகரகமைக்கு அனுப்பப்படும் நோயாளியோ நாட்டின் மறுகரைக்கே செல்ல வேண்டியவளாகிறாள். நாட்கூலிக்குச் செல்லும் கணவன், கடலுக்குச் செல்லும் கணவன் ஆகியோரால் இத்தனை நாள்களும் உடன்செல்ல இயலுமா என்பது ஐயத்திற்குரியது. உடன்செல்பவள் தமக்கையாகவோ மகளாகவோ இருத்தலே இயல்பு. அவர்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை.

எனினும் தாய்வழி முறையைப் புகழ்ந்து அமைவது விமரிசனமாகாது. இங்கும் விவாக நிலைக்கு முக்கியத்துவம் உண்டு. அது செயற்படும் வழியே வேறு. வீடு விவாகத்தின்போதே மகளுக்கு எழுதப்படுகின்றது. ஆகவே விவாகமாகாத பெண் வீடற்றவளாக, பெற்றோரின் அல்லது சகோதரியின் கூரையின்கீழ் வாழ நேரலாம். கணவனை இழந்த பெண் சொந்த வீட்டின் உரிமையாளர். விவாகமாகாதவளோ பிறர் வீட்டில் உழைப்பவள். ஐசர் குழுவினரின் ஆய்வு இவ்விருவரையும் 'விவாகமாகி வாழாதவர்' என ஒரே தொகுதியில் அடக்கிவிடுகின்றது. மட்டக்களப்பைப் பொறுத்தவரையில் இத்தொகுப்பு முற்றிலும் மயக்கந் தருவது. வீட்டுரிமை பெண்ணிடம் இருப்பதால் முடிவெடுக்கும் அதிகாரமும் அவளிடம் இருப்பதாகக் கொள்வதும் பிழையே. தாய்மாமனும் சகோதரனும் கணவனும் அவ்வதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதுண்டு.

மேலும், தாய்வழி அயல் இன்று முன்போல் முழுமையாக இல்லை. 1983 இலிருந்து 2009 வரை நீடித்த யுத்தம் பெண்கள் பலரை விதவைகளாக்கியதோடு குடும்பங்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலை கரையோர வளவுகளைத் துடைத்தழித்தது. அதன் பின்னர் கட்டப்பட்ட வீடுகளைக் குடும்பத்தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு உரித்தாக்கும் போக்குப் பெண்வழி வீட்டுரிமையோடு முரண்பட்டது. மகளும் தங்கையும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்ற குடும்பங்களும் பல. சகோதரியின் வீடு அயலில் இருந்தும் சகோதரி அங்கில்லாத நிலை இதனால் தோன்றியுள்ளது. இத்தகைய சூழலில் நோயுறும் விதவையின் இடர் கணவனின்மையால் மட்டும் விளைந்ததன்று.

சுகாதார சேவையின் அமைப்பும் இங்கு நோக்கற்பாலது. கிராமத்துப் பெண்ணை வீடுதேடிச் சந்திப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். அவரது பணி தாய் சேய் நலனை மையமாகக் கொண்டெழுந்தது. கருவுற்றவளையும் கைக்குழந்தையுடையவளையும் அது முதலிற் சென்றடைகின்றது. 1996 இல் நாடளாவிய ரீதியில் ஆரம்பிக்கப்பட்ட பெண்கள் நலக் கிளினிக்குகள் 35 வயதிற்கு மேற்பட்ட பெண்களின் மார்பகப் பரிசோதனைக்கும் வழிவகுத்தன. ஆயினும் கருத்தரிப்பு, பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்ற தொடர்புகள் ஒருபோதும் ஏற்படாத பெண்ணுக்கு அக்கிளினிக்கின் வாசல் அந்நியமாகவே தோன்றும். மார்பகத்தில் ஒரு கட்டி உண்டென்று சொல்வதற்கே கூசும் சமூகத்தில், விவாகமாகாதவளின் கூச்சம் இரட்டிப்பாகும். மறுபுறத்தில், பிள்ளைகளின் படிப்பையும் கணவனின் சாப்பாட்டையும் முன்னிட்டுத் தன் கட்டியை மறைப்பவள் பெரும்பாலும் மனைவியே. விவாகம் காக்கும் என்ற பொதுவிதி அவளை மேலும் மறைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கென மூன்று இலக்குகளை வகுத்தது: 60 சதவீதமானோருக்கேனும் நோய் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்படல், 60 நாள்களுக்குள் நோய் உறுதிசெய்யப்படல், 80 சதவீதமானோரேனும் சிகிச்சையை முழுமையாகப் பெறல். இவற்றில் எதுவும் தாலியைக் கேட்பதில்லை. காலத்தையும் கைத்துணையையுமே கேட்கின்றன. ஆகவே வைத்தியசாலைப் படிவத்தில் விவாகமானவரா என்ற வினா போதியதன்று. யாருடைய வளவில் வாழ்கிறார், கட்டியைப் பற்றி முதலில் யாரிடம் சொன்னார், சிகிச்சைக்கு யார் கூடவருவார், அவ்வேளையிற் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்பனவும் கேட்கப்படல் வேண்டும். கூடவர ஒருவருமில்லை என்று விடைகூறும் பெண் மனைவியாயினும் விதவையாயினும் விவாகமாகாதவளாயினும், பயணச் செலவும் துணையும் அவளுக்கே முதலில் ஒழுங்குசெய்யப்படல் வேண்டும். மட்டக்களப்பின் குடிமுறை ஆய்வாளருக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே: ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும் உறவு எதுவென்பதை அவளிடமே கேட்டறிதல் வேண்டும், அதனை முன்கூட்டியே கணவனென்று எழுதிவைத்தல் ஆகாது.