ஜவ்வாது மலையில் பிரதாப முதலியார்

ஒரு புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் எழுதி, அதை அச்சிலும் ஏற்றிவிட்டவன், அந்தப் புத்தகத்தை மறுபடி கையில் எடுக்காமல் இருப்பது அவன் மன நிம்மதிக்கு நல்லது. நான் அந்த ஜாக்கிரதையைக் கடைப்பிடிக்கத் தவறிவிட்டேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

சில வருஷங்களுக்கு முன்பு, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பற்றி ஒரு பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 1879-ல் வெளிவந்த முதல் தமிழ் நாவல் என்ற மரியாதையை முதல் வரியில் கொடுத்துவிட்டு, மீதி வரிகளில் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். ‘இது நாவல் அல்ல, கதைகளை அள்ளிப் போட்டுக் கட்டிய மூட்டை’ என்பது என் தீர்ப்பு. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தையும் மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேதநாயகம் பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிட்டவர் என்றும் எழுதினேன். இப்படி எழுதுவது விமரிசகர்களிடையே வழக்கமான காரியம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார். ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘ஐயா, தாங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் சாட்சிகளை விசாரித்ததாகத் தெரியவில்லை. இந்த மலையில் அந்தப் புத்தகத்தைப் படித்த சாட்சிகள் ஐந்து பேர் இருக்கிறோம். ஒரு சனிக்கிழமை வந்து போகவும்.’

முனிசீப்பாக இருந்த ஒருவர் எழுதிய நாவலுக்காக, கோர்ட்டுப் பாஷையிலேயே எனக்கு ஸம்மன் வந்துவிட்டது! போகாமல் இருக்க முடியுமா?

போளூரிலிருந்து பஸ் ஏறினேன். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஜவ்வாது மலை ஊட்டியைப் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் மலை அல்ல. சாமை விளையும் சரிவுகள், புளிய மரங்கள், பலா மரங்கள், நடுவே சிறு சிறு மலையாளிக் கிராமங்கள் என்று அதுபாட்டுக்கு இருக்கிறது. தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணையில் மாலை ஐந்து மணிக்குச் சபை கூடியது. அவர் ஒரு கிறிஸ்தவர். மற்ற நால்வரில் ஒருவர் மளிகைக் கடைக்காரர், ஒருவர் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாள். நாலாவது ஆள் பக்கத்துக் கிராமத்து மலையாளி இளைஞர். திருவண்ணாமலையில் கல்லூரியில் படிப்பவர்.

முதல் சாட்சி மளிகைக் கடைக்காரர்.

“எனக்கு இலக்கியம் எல்லாம் தெரியாதுங்க. முதல் பாதி பலகாரம், பின் பாதி கஷாயம். பலகாரத்தைச் சாப்பிட்டுட்டுக் கஷாயத்தை வெச்சுட்டேன்” என்றார்.

இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. பின் பாதியில் பொய், களவு, கல்வி, அரசாட்சி என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பிரஸங்கம் வந்துவிடுகிறது. ஏற்கெனவே ‘நீதிநூல்’ எழுதியவர், அதன் நீதிகளைக் கதைக்குள்ளும் கொண்டுவந்து வைக்கிறார்.

வனத்துறைக்காரருக்கு யானை விஷயத்தில் கோபம். காணாமற்போன கணவனைத் தேடி ஆண் வேஷத்தில் புறப்படுகிற ஞானாம்பாளுக்கு ஒரு யானை மாலை போட, ஊரார் அவளை ராஜாவாக்கி விடுகிறார்கள் அல்லவா? “யானையோட பழகினவன் நான் சொல்றேன் சார். அது மாலையைக் கையில வாங்கினா முதல்ல வாயிலதான் போட்டுக்கும். அதுவும் ஜில்லா கலெக்டர் இருந்த காலத்துல ராஜா எங்கேயிருந்து வந்தார்?” என்றார்.

கல்லூரி இளைஞர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். “எனக்கு அது வித்தியாசமாவே படலைங்க. எங்க பாட்டி கதை சொன்னா இப்படித்தான். ஒரு கதைக்குள்ள ஒருத்தன் வருவான், அவன் ஒரு கதை சொல்வான். முதல் கதை என்ன ஆச்சுன்னு கேட்டா, ‘அது எங்கேயும் ஓடிப் போகாதுடா, இரு’ன்னும். பத்திரிகையில நீங்க எழுதினதைப் படிச்சப்போ, எங்க பாட்டியைத் திட்டின மாதிரி இருந்தது சார்.”

நான் கொஞ்சம் நெளிந்தேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, “காவலூரிலே ஒரு தொலைநோக்கி இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? இரண்டேகால் மீட்டருக்கு மேல் அகலமான கண்ணாடி. எத்தனையோ தூரத்து நட்சத்திரமெல்லாம் தெரியும். ஆனால் எதிர்வீட்டுப் புளிய மரத்தை அதிலே பார்க்க முடியாது” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலீஷ் நாவல் என்ற தொலைநோக்கியால் நான் பார்த்தது உண்மைதான். ஆனால் அந்தத் தொலைநோக்கியைக்கூட நான் சரியாகத் திருப்பவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 1749-ல் ‘டாம் ஜோன்ஸ்’ எழுதிய ஹென்றி ஃபீல்டிங் யார்? அவரும் ஒரு மாஜிஸ்ட்ரேட்தான். அந்த நாவலிலும் நடுவழியில் மலையில் வசிக்கும் ஒரு கிழவர் எதிர்ப்பட்டு, அத்தியாயக் கணக்கில் தன் சொந்தக் கதையைச் சொல்லித் தீர்க்கிறார். அதற்காக அதை நாவல் அல்ல என்று யாரும் தள்ளிவிடவில்லை. தினம் தினம் வாதியும் பிரதிவாதியும் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் உத்தியோகஸ்தர், நாவல் எழுத உட்கார்ந்தால் கதைக்குள் கதை வருவதில் ஆச்சரியம் என்ன? பிரதாப முதலியார் ஒரு சக்கிலியனிடம் செருப்புத் தைக்கக் கொடுத்து, ‘உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன்’ என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறார். எவ்வளவு கூலி கொடுத்தாலும் ‘எனக்குச் சந்தோஷம் வரவில்லை’ என்று அவன் வழக்காடுகிறான். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வழக்காடுகிறவர்களை வருஷக் கணக்காகப் பார்த்த ஒருவரால்தான் இந்த இடத்தை இவ்வளவு ரஸமாக எழுத முடியும். அந்த வழக்கு எப்படித் தீர்கிறது என்பதை வாசகர்கள் புத்தகத்திலேயே தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்து நர்ஸ் அம்மாள். “ஞானாம்பாள் ஒரு தப்பும் பண்ணலை, ஒரு தடவை எரிஞ்சுகூட விழலை. அப்படி ஒரு பொம்பளையை நான் வார்டில பார்த்ததில்லை. ஆனா அந்தக் காலத்திலேயே ஒரு பொண்ணைச் சிம்மாசனத்தில உட்கார வெச்சு, வக்கீலுக்கெல்லாம் புத்தி சொல்ல வெச்சாரே, அதுக்காக ஒரு கும்பிடு போடலாம்” என்றார்.

இரண்டு பாதியும் சரி. பாத்திரங்கள் குற்றமற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதை டாக்டர் ஜான்ஸனைச் சாட்சி வைத்து ஆசிரியரே முகவுரையில் ஒப்புக்கொண்டு விடுகிறார். அது கதைக்குக் கெடுதல்தான். ஆனால் தமிழ் நாட்டுக் கோர்ட்டில் தமிழ்க் கட்சிக்காரர்களுக்காகத் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடும் வேடிக்கையை அந்த நாவல் கிழிக்கிறதே, அது வெறும் உபதேசமா? 1862-ல் மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டிக் கொடுத்தவரின் மனக்குறை அது. கஷாயத்திலும் சில மிளகு அகப்படுகிறது.

கடைசியில் தலைமையாசிரியர் பேசினார். அதுவரை அவர் முகத்தில் இருந்த கிண்டல் மறைந்துவிட்டது.

“எனக்கு இருக்கும் குறை வேறு. வேதநாயகம் பிள்ளை எங்கள் ஆள். தமிழில் முதல் நாவல் எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த நாவலில் என் ஆண்டவரைத் தேடித் தேடிப் பார்த்தேன். கடவுள், கடவுள் என்று எங்கும் வருகிறது. எந்தக் கடவுள் என்று அவர் சொல்லவில்லை. இத்தாலியில் குவாரெஸ்கி என்பவர் 1948-ல் டான் கமில்லோ கதைகளை வெளியிட்டார். முரட்டுப் பாதிரியார் ஒருவர் கம்யூனிஸ்ட் மேயரோடு மல்லுக்கு நிற்பார். சிலுவையிலிருந்து கிறிஸ்துவே அவரைக் கண்டிப்பார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனாலும் அது கிறிஸ்தவக் கதை. நம்மவர் ஏன் அப்படி எழுதவில்லை? படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து மறைத்துவிட்டாரா? நீங்கள் எழுதுகிறவர், சொல்லுங்கள்.”

“அதை விட்டதுனாலதானே எல்லாரும் படிச்சோம்?” என்றார் மளிகைக் கடைக்காரர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை தலைமையாசிரியரை இன்னும் நோகச் செய்தது என்பதைக் கண்டேன். ஒருவர் எதை இழப்பாக நினைத்து வருந்துகிறாரோ, அதையே இன்னொருவர் லாபம் என்கிறார். அந்தத் திண்ணையில் இப்போது ஒரு நாவலைவிடப் பெரிய விஷயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேதநாயகம் பிள்ளை தம் மதத்தை மறைத்தவர் அல்ல. தேவமாதாவின்மீது அந்தாதி பாடியவர் அவர். கத்தோலிக்கர் என்பது ஊரறிந்த விஷயம். அதே மனிதர்மீது சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு கோவை பாடினார். அதே மனிதர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ இயற்றினார். கச்சேரிகளில் அவருடைய பாட்டைக் கேட்டுத் தலையாட்டும் பலருக்கு, அது ஒரு கிறிஸ்தவர் இயற்றியது என்பதே தெரியாது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, மாயூரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு உருகி, அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். கஞ்சித் தொட்டியின் முன்னால் நின்றவர்களை ‘நீ எந்த மதம்?’ என்று கேட்டிருந்தால் பாரதியார் பாடியிருப்பாரா?

“வருஷத்தைக் கவனியுங்கள்” என்றேன். “பஞ்சம் ஓய்ந்தது 1878-ல். நாவல் வெளியானது 1879-ல். செத்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் கண்ணால் பார்த்த ஒருவர், ஜனங்களுக்கு அடுத்தபடியாகக் கொடுத்தது ஒரு ஹாஸ்யப் புத்தகம்! கஞ்சியைப் போலவே சிரிப்பையும் வரிசையில் நின்ற எல்லோருக்கும் வார்த்தார் என்று நான் நினைக்கிறேன். அது பயம் அல்ல, ஐயா.”

தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை. என் வாதம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் கேட்டது கிடைத்துவிடவில்லை. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறியவர் நல்லவர்தான், ஆனால் அவர் என் வீட்டுக்காரர் என்பதற்கு அடையாளம் எங்கே என்பதல்லவா அவர் கேள்வி?

அந்த அடையாளத்தைக் காட்டியவர் நர்ஸ் அம்மாள்.

“ஐயா, எனக்கு ஒண்ணு தோணுது, தப்பா இருந்தாச் சொல்லுங்க. கதை ஆரம்பத்தில பிரதாப முதலியாருக்குப் படிப்பு ஏறாதில்ல? பணக்கார வீட்டுப் பிள்ளைங்கிறதால அவரை அடிக்க முடியாம, உபாத்தியாயர் கூடப் படிக்கிற கனகசபையை அடிப்பார். நாம எல்லாரும் சிரிச்சோம். தப்பு ஒருத்தர் பண்ண, அடி இன்னொருத்தர் வாங்கறார். இது உங்க வேதத்தில இருக்கிற விஷயம் இல்லையா?”

திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கீழே சரிவிலிருந்து சில்வண்டுச் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியர் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தைப் புரட்டி எடுத்து மனசுக்குள் படித்தார். எத்தனையோ முறை சிரித்துக்கொண்டு கடந்த பக்கம் அது.

வேதநாயகம் பிள்ளை அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்று கேட்டால் என்னிடம் ருசு கிடையாது. பணக்கார வீடுகளில் அப்படி நடந்ததைக் கண்டு, கிண்டல் செய்வதற்காக மட்டுமே எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். அந்தக் கதையைச் சொல்லுகிறவன் அடி வாங்கியவன் அல்ல, தப்புச் செய்தவன். தன் அசட்டுத்தனத்தையும், தனக்காகப் பிறர் பட்ட பாட்டையும், தன்னைவிட மனைவி புத்திசாலி என்பதையும் அவனே நம்மிடம் ஒப்புக்கொள்கிறான். பிறரைப் பார்த்துச் சிரிக்கும் ஹாஸ்யம் உலகத்தில் ஏராளம். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே சிரிப்பை எழுப்பும் ஹாஸ்யம் அபூர்வம். பாவசங்கீர்த்தனம் செய்து பழகிய ஒருவருக்கு அது சுலபமாக வந்திருக்கலாம். மதத்தைப் பெயர்ப்பலகையில் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை. கதை சொல்லும் குரலில் இருந்தது.

இதைக் காணாமல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கதைக்கட்டு சரியாக இருக்கிறதா என்று முழக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். கட்டு தளர்ந்திருப்பது உண்மை. பிரஸங்கங்கள் நீளம் என்பதும் உண்மை. அவற்றை இன்றும் நான் வாபஸ் வாங்கவில்லை. ‘நாவல் அல்ல’ என்ற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். ஐந்து பேரை ஒரு திண்ணையில் உட்கார வைத்து, சிரிக்க வைத்து, சண்டை போட வைத்து, கடைசியில் வாயடைக்கவும் வைத்த புத்தகத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இரவு சாமைச் சோறு போட்டார்கள். மலைக் குளிருக்கு அது அமிர்தமாக இருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறும்போது தலைமையாசிரியரிடம் கேட்டேன்: “என்ன ஐயா, கேஸ் முடிந்ததா?”

“உங்கள் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. என் கேஸில் பாதி டிக்ரிதான் ஆகியிருக்கிறது. மீதிக்கு அப்பீல் உண்டு. மறுபடி படித்துவிட்டுக் கார்டு போடுகிறேன்” என்றார்.

கார்டு இன்னும் வரவில்லை. நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.